கூட யார் வந்திருக்காங்க?

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சென்னை நடைபாதைகளுக்கு இரவு மருத்துவக் குழுவோடு போய்வருகிறேன். குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "என்ன மருந்து எடுத்து வரணும் சிஸ்டர்?" என்பதுதான். மருந்துக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரையும் ஊசியும் ஆபரேஷனும் இலவசம். வால்டாக்ஸ் ரோட்டில் படுத்திருப்பவர் ராஜீவ் காந்தி பொது மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். இருந்தும் போவதில்லை, போனாலும் பாதியில் திரும்பிவிடுகிறார். நம் பெரிய ஆஸ்பத்திரிகள் ஓடுவதே நோயாளியின் கூட வந்தவரை நம்பித்தான். சீட்டு எழுத, ஸ்ட்ரெச்சர் தள்ள, எக்ஸ்ரே வாங்கி வர, கஞ்சி ஊட்ட, பெட்பான் வைக்க ஒரு அம்மாவோ அண்ணனோ மச்சானோ வேண்டும். அப்படி ஒருவர் இல்லாதவருக்கு அந்த இலவசம் கைக்கு எட்டாது. இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் நாம் அந்தக் கூட வந்தவராக இருக்கப் போகிறோம். கீழே உள்ளதை அப்படி நினைத்துக்கொண்டு படியுங்கள்.

1. பகலில் ஆளைத் தேடாதீர்கள். பிராட்வே, சவுகார்பேட்டைப் பக்கம் நடைபாதையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் உழைக்கிறவர்கள். மீன்பாடி வண்டி ஓட்டுவார்கள், மூட்டை தூக்குவார்கள், பூக்கட்டுவார்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவார்கள். கடை ஷட்டர் இறங்கிய பிறகுதான் அந்த வாசல் படுக்கையாகும். இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்குள் போங்கள். கோயம்பேட்டில் லோடு இறக்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. அவர்கள் விடியற்காலை வேலை முடித்து டீக்கடையில் நிற்கும்போது பிடிக்க வேண்டும். தூங்கிவிட்டவரை எழுப்பாதீர்கள். முகத்தில் டார்ச் அடித்து எழுப்புகிற ஆட்களை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். நீங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள். நாலு பேருக்கு மேல் கூட்டமாகப் போக வேண்டாம். பேனர் வேண்டாம். போட்டோ வேண்டவே வேண்டாம்.

எல்லோரையும் ஒரே ரகமாக எண்ணிவிடவும் வேண்டாம். மூன்று தலைமுறையாக ஒரே நடைபாதையில் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களில் சிலரிடம் வோட்டர் ஐடி கூட உண்டு. பிள்ளைகளோடு மனஸ்தாபப்பட்டு ரயிலேறி வந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்து, கையோ காலோ உடைந்து நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகாத காரணம் வேறு.

2. நோயைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். "சாப்பிட்டாச்சாண்ணே?" என்று தொடங்குங்கள். அண்ணன், அக்கா, ஐயா, ஆயா என்று கூப்பிடுங்கள். மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு "பேஷன்ட்" என்று வாயில் வந்துவிடும், அதை வார்டோடு விட்டுவிட்டு வாருங்கள். பேச்சு நடக்கும்போது அவருடைய மூட்டையைத் தொடாதீர்கள், தாண்டாதீர்கள். அதில்தான் அவருடைய போர்வை, தட்டு, ஆதார் ஜெராக்ஸ், செத்துப்போன சம்சாரத்தின் போட்டோ எல்லாம் இருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறவரிடம், "மூட்டையை யார் பார்த்துக்கிறது?" என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு முகம் மாறும். ஒருவர் காலில் சீழ் வைத்து, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்று தள்ளிக்கொண்டே இருந்தார். வாடகைக்கு எடுத்த மீன்பாடி வண்டி அவருடையது. விட்டுவிட்டுப் போனால் வண்டி காணாமல் போகும், முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து டீக்கடைக்காரர் கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு மறு பேச்சில்லாமல் ஆட்டோவில் ஏறினார். வண்டிக்கும் மூட்டைக்கும் நாய்க்குட்டிக்கும் ஏற்பாடு செய்வதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

3. காலைப் பாருங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தால் சர்க்கரை, வீக்கம், சேற்றுப்புண், பழைய எலும்பு முறிவு எல்லாம் தெரிந்துவிடும். பாஸ்டன் நகரில் 1985-இல் வீடற்றவர்களுக்கான மருத்துவப் பணிக்கு வந்த ஜிம் ஓ'கானல் என்ற டாக்டரை, அங்கிருந்த நர்ஸ் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் எல்லோருக்கும் கால் கழுவச் சொன்னாராம். கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது, நர்ஸ் சாதி எங்கேயும் ஒன்றுதான்.

சர்க்கரை உள்ளவருக்கு வெந்நீர் வேண்டாம். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். விரல் இடுக்கை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். மழைக்காலத்தில் கட்டுப் போட்ட காலுக்குக் காலிப் பால் பாக்கெட்டை வெட்டி மேலே உறைபோல மாட்டிவிடலாம், படுக்கும்போது கழற்றச் சொல்லுங்கள். புண்ணில் புழு வைத்திருந்தால் பெட்ரோல், பினாயில் என்று யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். ஈரத்துணியால் மூடி டிரெஸ்ஸிங் ரூமுக்கு அழைத்துப் போங்கள். முகத்தைச் சுளிக்காமல் இருக்க முடியாதவர்கள் அன்றைக்கு மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கமில்லை. சுளித்த முகத்தை அவர் பார்த்துவிட்டால் அடுத்த வாரம் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்.

4. ஒரு மாத மாத்திரையை அள்ளிக் கொடுக்காதீர்கள். எங்கே வைப்பார் என்று கேளுங்கள். மழையில் நனையும், தூக்கத்தில் திருடு போகும், குப்பை அள்ளும் லாரி மூட்டையோடு அள்ளிக்கொண்டு போகும். ஒரு வாரத்துக்குத் தாருங்கள், சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்ன ஜிப் கவரில். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளைக்கு எழுதுகிற டாக்டரிடம் ஒரு வேளை மாத்திரையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதியிருந்தால், அவருக்குச் சாப்பாடு எந்த வேளையில் நிச்சயம் என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்து மயங்கி விழுந்தால், போகிறவர்கள் குடிகாரன் என்று தாண்டிப் போவார்கள்.

பிரஷருக்குக் கொடுக்கும் நீர் மாத்திரையைப் பெண்கள் வாங்கிக்கொள்வார்கள், போடமாட்டார்கள். ஏன் போடவில்லை என்று அதட்டினால் தலையாட்டுவார்கள், காரணம் சொல்லமாட்டார்கள். இரவு பத்து மணிக்குக் கட்டணக் கழிப்பறையைப் பூட்டிவிடுகிறார்கள், விடியும்வரை போக இடமில்லை. நீர் மாத்திரையைப் போட்டுவிட்டு என்ன செய்வார்கள்? பலர் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை, நீர்க்கடுப்பு வந்து துடிப்பார்கள். வேறு மாத்திரை கேளுங்கள், அல்லது கழிப்பறைப் பராமரிப்பாளரிடம் பேசிப் பழகுங்கள். பின்னது கடினம்தான், ஆனால் ஒருமுறை சரியானால் அந்தத் தெருவுக்கே சரியாகும்.

5. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். இதுதான் முக்கியமான வேலை, ஆகையால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் நாளே கட்டணக் குளியலறைக்கு அழைத்துப் போய்க் குளிக்கவைத்துச் சட்டை மாற்றிவிடுங்கள். உங்களில் சிலர், "அழுக்கா இருந்தா வைத்தியம் கிடையாதா?" என்று என்னிடமே சண்டைக்கு வருவீர்கள். கிடைக்கும். ஆனால் தள்ளி நின்று கிடைக்கும். வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டிய டாக்டர் தூரத்திலிருந்து பார்த்து எழுதிவிடுவார்.

ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் பெயர், வயது, விலாசம் கேட்பார்கள். "பிளாட்பாரம்" என்று எழுத விடாதீர்கள். தெருப் பெயர், எதிரில் உள்ள கடை, அந்தப் பகுதியின் பின்கோடு மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லுங்கள். உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். "கூட யார் வந்திருக்காங்க?" என்ற கேள்வி வரும்போது தயங்காமல் "நான்தான்" என்று சொல்லுங்கள். தயங்கினால் அடுத்து, "நீங்க என்ன வேணும் அவருக்கு?" என்று வரும். "தெரிஞ்சவங்க" என்பது போதுமான பதில்.

விபத்து, தலைக்காயம், மயக்கம் என்றால் 108-க்குப் போன் செய்துவிட்டுக் கூடவே ஏறுங்கள். அவசரச் சிகிச்சைக்குப் போலீஸ் மெமோவோ, கார்டோ முன்நிபந்தனை கிடையாது. உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, போலீஸ் நடைமுறை எல்லாம் பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. கொண்டுவந்து சேர்த்தவரை வழக்கில் இழுத்தடிக்கக் கூடாது என்பது 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்ந்துவிட்டது, பயப்படாமல் போங்கள். சாலை விபத்தாக இருந்தால் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும், காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் அரசே பணம் கட்டும். நடைபாதையில் தூங்குகிறவர்மேல் வண்டி ஏறுவது இந்த ஊரில் புதிதில்லை என்பதால் இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏ.ஆர். எண்ணை, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் இழப்பீட்டுக்கு அது இல்லாமல் ஒன்றும் நகராது.

சட்டம் தெரிந்திருக்கட்டும், ஆனால் அதை வார்டில் கத்திச் சொல்லாதீர்கள். இரவு ட்யூட்டியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன் கடைசியாக எப்போது தூங்கினாரோ. ஸ்டாஃப் நர்ஸிடம் ஐம்பது கட்டில் இருக்கும். நானும் அந்த நாற்காலியில் இருந்தவள். சட்டம் பேசுகிறவரைவிட, "பெட்ஷீட் நான் மாத்திடறேன் சிஸ்டர், எங்கே இருக்கு?" என்று கேட்கிறவர் கொண்டுவந்த நோயாளியைத்தான் நாங்கள் இரண்டு தடவை எட்டிப் பார்ப்போம்.

6. கார்டு விஷயம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். குடும்ப அட்டைக்கு விலாசம் வேண்டும். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு வைத்தியத்தை நிறுத்தி வைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் கார்டு இல்லாமலே பெரும்பாலான சிகிச்சை நடக்கும். அதை நடத்திக்கொண்டே, அங்கீகாரம் பெற்ற காப்பகப் பொறுப்பாளர் தரும் சான்றை வைத்து ஆதாருக்கு முயலுங்கள். மற்றவை ஒவ்வொன்றாக வரும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் வந்தபோது சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டு வாசலில் மாத்திரை என்று சந்தோஷப்பட்டோம். நல்ல திட்டம்தான். வாசலே இல்லாதவரை அதன் பட்டியலில் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. அந்த வார்டின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், இந்தத் தெருவில் இத்தனை பேர் என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

7. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல் என்றால் அன்றே சளிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். குறைந்தது ஆறு மாதம் விடாமல் போட வேண்டும், அங்கேதான் சிக்கல். இரண்டாம் மாதம் இருமல் நிற்கும், உடம்பு தேறும், "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுவார். வழக்கமாக டீ குடிக்கிற கடையில் கடைக்காரர் கண்முன்னே போடுகிற மாதிரி பழக்குங்கள். சத்துணவுக்கு மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய், முன்பு ஐந்நூறு. அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு இல்லையென்றால் முதல் வாரமே அந்த வேலையைத் தொடங்குங்கள். திடீரென்று ஊருக்குப் போகிறேன் என்பார். அப்படியானால் அவருடைய காசநோய்ப் பதிவு எண்ணான நிக்ஷய் எண்ணை அவர் கையிலேயே எழுதிக் கொடுங்கள். எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியிலும் அதைக் காட்டி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

8. நாய்க்கடி. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றே ஊசி. ஊசி போடும் நாட்கள் 0, 3, 7, 28. நடைபாதையில் காலண்டர் கிடையாது, ஆகவே கிழமையாகச் சொல்லுங்கள்: திங்கள் போட்டால் வியாழன், அடுத்த திங்கள், பிறகு முதல் ஊசியிலிருந்து நாலு வாரம் கழித்து வருகிற திங்கள். ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலினும் வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

9. தனக்குத்தானே பேசுகிறவர், அழுக்குத் துணியை அடுக்கடுக்காகச் சுற்றிக்கொண்டவர், தலை சடைபிடித்தவர் — இவர்களைப் பார்த்ததும் உங்களுக்கு "மீட்க" வேண்டும் என்று கை பரபரக்கும். பரபரப்பை அடக்குங்கள். நாலு பேர் பிடித்து வேனில் ஏற்றி, மொட்டையடித்து, முன்னே பின்னே என்று இரண்டு போட்டோ போடுகிற கூட்டத்தை எனக்குப் பிடிக்காது. அந்தத் தலைமுடியை வெட்ட யாரைக் கேட்டார்கள்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாக இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது போலீஸின் பொறுப்பு. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். வீடற்றவருக்கு அரசு மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம், வறுமைக்கோட்டு அட்டை கேட்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் இப்படிப்பட்டவர்களுக்காகத் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு இருக்கிறது.

ஆனால் அவசரம் இல்லாத இடத்தில் வாரக்கணக்கில் டீ வாங்கிக் கொடுப்பதுதான் வேலை. ஒரு அம்மா எங்களோடு ஒரு வார்த்தை பேசமாட்டார், டீயை மட்டும் வாங்கிக்கொள்வார். ஒருநாள் "சர்க்கரை ஜாஸ்தி" என்றார். அதற்கடுத்த வாரம் சர்க்கரை குறைத்து வாங்கிப் போனோம். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. இன்று மாத்திரை போடுகிறார். அதே நடைபாதையில்தான் இருக்கிறார். காப்பகத்துக்கு வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

10. குடிப்பவரிடம் உபதேசம் செய்யாதீர்கள். நாள்முழுக்க மூட்டை தூக்கியவர் கல்தரையில் வேறெப்படித் தூங்குவார் என்று எனக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. சாராய வாடை அடிக்கிற ஆள் மயங்கிக் கிடந்தால் "போதை" என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். தலையைத் தடவிப் பாருங்கள், காயமோ வீக்கமோ இருக்கிறதா என்று. காதிலோ மூக்கிலோ ரத்தம் வருகிறதா, சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். தலைக்குள் ரத்தம் கசிகிறவரும் குழறித்தான் பேசுவார். அடுத்தது, தினமும் குடிக்கிறவரை வார்டில் சேர்த்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சட்டென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். காரணம் தெரியாவிட்டால் "கலாட்டா பண்றான்" என்று கட்டிப்போடுவார்கள், அல்லது அவரே ட்ரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார். "சொல்லாமல் போனவர்" என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படுகிறவர்களில் பலர் இவர்கள்தான்.

11. கர்ப்பிணி இருந்தால் பெண் தொண்டர் மட்டும் பேசட்டும். புருஷன் எங்கே என்று கேட்காதீர்கள். நகர்ப்புற சுகாதார செவிலியரிடம் அழைத்துப் போய்க் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து. தவணையாக வரும், முதலிலேயே பதிந்திருந்தால்தான் எல்லாத் தவணையும் கிடைக்கும். பிரசவமான பெண் கைக்குழந்தையோடு நடைபாதைக்கே திரும்புவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாதீர்கள். குழந்தையைப் பிரித்துக் கொண்டுபோக வந்த ஆள் நீங்கள் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டினாலும் தடுப்பூசிக்கு வரமாட்டாள்.

12. "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று வார்டில் சொன்னால், எங்கே என்று நீங்கள் கேட்க வேண்டும். இடுப்பெலும்பு உடைந்து கம்பி வைத்தவர், மூத்திரக் குழாயோடு இருப்பவர், ஒரு கால் எடுத்தவர் — இவர்களைக் கேட்டுக்கு வெளியே விட்டால் பத்தாம் நாள் புண் அழுகி அதே வார்டுக்கு வருவார்கள். அதனால் சேர்த்த அன்றே இந்தப் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள். ஆர்.எம்.ஓ.விடமும் சமூகப் பணியாளரிடமும் சொல்லி வையுங்கள். மாநகராட்சிக் காப்பகங்களில் ஆண், பெண், முதியோர், மனநலம் குன்றியோர் என்று தனித்தனியாக உண்டு. ஆனால் தானாக எழுந்து நடக்க முடியாதவரைச் சேர்க்கத் தயங்குவார்கள். இரவில் ஒரே ஒரு பணியாளர் இருக்கும் இடத்தில் அவர்களையும் குறை சொல்ல முடியாது.

லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. விரிந்த சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படியே அறுபது லட்சத்துக்கு மேல். எத்தனை வேண்டும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, ஆபரேஷன் முடிந்தவர் ஆறு வாரம் படுத்துத் தேற ஒரு இடம் இல்லாதது. நர்ஸும் கஞ்சியும் உள்ள பத்துக் கட்டில் ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் பக்கத்தில் இருந்தால் போதும். கவுன்சிலர், மேயர், செயலாளர் என்று யார் முன்னால் உட்கார வாய்த்தாலும் இதைக் கேளுங்கள். கம்பளி கேட்டு அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

13. நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், தெரிந்த ஒரு உறவினர், மருந்து, ஒவ்வாமை, படுக்கும் இடம். நோயின் விவரத்தை உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதுங்கள். பக்கத்துப் பாய்க்காரர் படித்துவிட்டால் டி.பி.காரர் என்று ஒதுக்கிவிடுவார்கள். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்னாருக்குச் சொல்லுங்க" என்று சிலர் தாங்களாகவே சொல்வார்கள். புதைக்கணுமா எரிக்கணுமா என்பதையும் சேர்த்துச் சொன்னவர்கள் உண்டு. எழுதிக்கொள்ளுங்கள். பிணவறையில் அடையாளம் தெரியாதவர் என்று கிடப்பவருக்குப் பெயர் சொல்ல அந்த ஒரு வரி உதவும்.

14. பரீட்சை, கல்யாணம், வேலை என்று நீங்கள் நின்றுபோகத்தான் போகிறீர்கள். இரண்டு வாரம் முன்பே நடைபாதையில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பதில் வருகிறவரை அந்த இரண்டு வாரமும் கூடவே கூட்டிப்போய்ப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவையுங்கள். நோட்டுப் புத்தகத்தை அவரிடம் கொடுங்கள், டீக்கடைக்காரரையும் காட்டிக் கொடுங்கள். ஓ.பி. சீட்டுகளில் உங்கள் போன் நம்பர்தான் இருக்கும், ஆகவே ஆறு மாதத்துக்காவது நம்பரை மாற்றாதீர்கள். வார்டிலிருந்து நடுராத்திரியில் கூப்பிட்டால் எடுங்கள்.